ரொஸேரின் கயிறு

அக்டோபரில் என் புருஷன் ரொஸேருக்குப் பக்கவாதம் வந்தபோது, பேச்சு முழுக்கப் போய்விடலாம் என்று ஷிகூட்டிமி மருத்துவமனையில் சொன்னார்கள். முழுக்கப் போகவில்லை. கெட்ட வார்த்தைகள் மட்டும் மிச்சம் இருந்தன.

கியூபெக்கில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கெட்ட வார்த்தை என்றால் அது கோயில் சாமான்தான். விரலில் சுத்தியல் பட்டால் நற்கருணைப் பேழையைக் கூப்பிடுவோம். கார் பள்ளத்தில் இறங்கினால் திருக்கிண்ணம். கோபம் கொஞ்சம் கம்மி என்றால் பூசையில் கொடுக்கிற அப்பம். ஒதில் என்கிற என் பெயர் ரொஸேரின் நாக்குக்கு எட்டவில்லை. தண்ணீர், காப்பி, வலி, எதுவும் வரவில்லை. பூசை மேடையில் இருப்பது மட்டும் அட்சர சுத்தமாக வந்தது. பார்க்க வந்த பாதிரியார் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "திட்டுறது எல்லாம் மூளையில வேற மூலையில இருக்கும்மா, அதான் தப்பிச்சிருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயை அடக்கப் பாடுபட்டவள் நான். கடைசியில் எது மிஞ்சியது பாருங்கள்.

கால் மெல்லத் திரும்பியது. கோலூன்றி நடந்தான். வலது கை திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழுவான், தட்டு காலியானதும் திரும்பவும் அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் அவனுடைய மஞ்சள் பனிவண்டி நின்றது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. பனி மேல் மோட்டாரில் ஓடுகிற வண்டிகளில் எங்கள் ஊரிலேயே பழையது அதுதான். ஒற்றை சிலிண்டர், மூக்கு நீண்டது, வாகனம் என்பதைவிட ஒரு பெரிய தையல் மிஷின் என்றுதான் எனக்குத் தோன்றும். பிப்ரவரி முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், ஊரில் உள்ள பழைய பனிவண்டிகள் எல்லாம் நீர்நாய் ஏரியின் பனிக்கட்டி மேல் வரிசை கட்டி நிற்கும். ஏரியைக் கடந்து அக்கரைக் கொட்டகையில் பட்டாணி சூப் குடித்துவிட்டு வருவார்கள். முன்னால் போவது ரொஸேர். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் போகிறவன் தன் வண்டியைத் தன் கையால் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். மூன்று இழுப்புக்குள் கிளம்பாவிட்டால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும், அடுத்தவன் முன்னால் போவான். அடுத்தவர் கயிற்றை யாரும் தொடக்கூடாது. பெண்டாட்டியும்தான். நான் அவன் சட்டையைத் துவைத்திருக்கிறேன், நகம் வெட்டிவிட்டிருக்கிறேன், அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை.

நவம்பரில் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படியே ஜன்னலைப் பாத்துக்கிட்டே சாகப் போறியா?" என்று கேட்டேன். "சரி, சாவு. நான் அந்த வண்டியை ரிப்பேர் பண்ணப் போறேன்."

"அப்பம்," என்றான், திரும்பாமலே.

"அப்பமோ, ரொட்டியோ. நாளைக்குக் காலையில தொடங்கறேன். தப்பா கழட்டினா என்னைக் குத்தம் சொல்லாத."

ஊர்க் கடையில் உதிரி பாகம் விற்கிற கவுண்டரில் நான் வெகுகாலம் வேலை பார்த்தவள். எல்லாப் பாகத்தின் பெயரும் தெரியும். அதை எங்கே மாட்டுவது என்று தெரியாது. மறுநாள் பக்கத்து வீட்டு லியோனெல் உதவியோடு வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினேன், அடுப்பை மூட்டினேன், மூக்கு மூடியைத் திறந்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றாடிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ரொஸேரின் காணாமல் போன கம்பளிக் கையுறை முழுசாக அதற்குள் இருந்தது. ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தேன், பின்னால் கோல் சத்தம் கேட்டது.

வாசலில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுச் செருப்பை மாற்றக்கூட இல்லை.

"அப்பம்!" என்றான். ஸ்பேனரைப் பார்த்துச் சொன்னான். அது அளவு சரியில்லாத ஸ்பேனர்.

அப்படித்தான் தொடங்கியது. அவன் முக்காலியில் உட்காருவான், நான் குனிந்து வேலை செய்வேன். ஒரு வாரத்தில் எனக்கு அந்த பாஷை பிடிபட்டது. அப்பம் என்றால், அது இல்லை, வேறு. கிண்ணம் என்றால், நிறுத்து, இறுக்கியது போதும். பேழை மற்ற எல்லாவற்றுக்கும், சந்தோஷத்துக்கும் சேர்த்து. கார்புரேட்டரைக் கழற்றினோம். உள்ளே பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது, ஜவ்வுத் தகடு அட்டைபோல விறைத்துப் போயிருந்தது. புதுத் தகடு போட்டோம். வெடித்த பெட்ரோல் குழாயை மாற்றினோம். தீப்பொறி தருகிற பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். "தேய்த்தோம்" என்றுதான் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவன் வாயில் ஒரு கோயில் சாமான் இருந்தது.

ஒரு தடவை நான் டேங்கில் வெறும் பெட்ரோலை ஊற்றப் போனேன். இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகி இன்ஜின் செத்துவிடும். வேறு ஏதோ நினைவில் கேனைச் சாய்த்துவிட்டேன். முக்காலியிலிருந்து அவன் கத்திய கத்தலில் பேழை, கிண்ணம், அப்பம், ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் ஒன்றாக உருண்டு வந்தன. கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான், முகத்தில் ஒரு பாதிதான் சிரித்தது. மருத்துவமனைக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜனவரி கடைசியில் வண்டி தயாரானது. லியோனெல் வந்து, ரொஸேர் தலையை அசைத்து அனுமதி கொடுத்த பிறகு, கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க நீலப் புகை. ரொஸேர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டான். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு எழுந்து நின்றான், கோலை என்னிடம் கொடுத்தான், இடது கையால் கயிற்றைப் பிடித்தான்.

பாதிதான் வந்தது. உள்ளே பிஸ்டன் காற்றை நெருக்குகிற இடத்தில் கயிறு நின்றது, பின்னால் எகிறியது. அவன் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் தடவை முக்காலி மேல் விழுந்தான். பிடித்துத் தூக்கினோம். அவன் வாயிலிருந்து ஒரு அப்பம்கூட வரவில்லை. கோலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான், அடுத்த நாள் ஷெட் பக்கம் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான் பயந்துபோனேன். ஏரியில் முன்னால் போவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஊர் முன்னால் அவன் அப்படி விழுந்தால் அந்த நாற்காலியை விட்டு இனி எழுந்திருக்க மாட்டான். போகாமலே இருந்துவிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். இரண்டு பக்கமும் சுவராக இருந்தது.

லியோனெல் சமையலறையில் உட்கார்ந்து என் சர்க்கரைப் பலகாரத்தைத் தின்றுகொண்டே யோசனை சொன்னான். "நான் இழுத்துக் கிளப்பி விட்டுடறேன். யாரு என்ன சொல்லப் போறாங்க? எல்லாருக்கும் அவன் நிலைமை தெரியும்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் அவனைக் கொல்லும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

எனக்கு அப்போதுதான் கடை கவுண்டர் நினைவுக்கு வந்தது. தோள் மூட்டு கெட்டுப்போன ஒரு மரவெட்டி எங்களிடம் எப்போதும் ஹெட் கேஸ்கட் இரண்டாக வாங்குவான். சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் போடுகிற செம்பு வளையம் அது. ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டால் மூடி மயிரிழை உயரும், உள்ளே நெருக்கம் குறையும், கயிறு லேசாக வரும். வண்டிக்கு வலுவும் குறையும், மேடு ஏறாது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஏரி சமதரைதானே என்று நான் நினைத்தேன். அக்கரை மேட்டை மறந்துவிட்டேன்.

லியோனெல் மெல்லுவதை நிறுத்தினான். வரிசையில் இரண்டாவது வண்டி அவனுடையது. ரொஸேர் கிளப்பாவிட்டால் முன்னால் போவது அவன்தான். எத்தனையோ வருஷமாக ரொஸேரின் புகையைத் தின்றுகொண்டு பின்னால் போகிறவன்.

"நீ என்ன கேக்கறன்னு உனக்குத் தெரியுதா ஒதில்? என் இடத்தை என் கையாலயே கழட்டச் சொல்ற."

"ஆமா."

"இன்னொரு துண்டு வை," என்று தட்டை நீட்டினான்.

ரொஸேர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வேலை நடந்தது. லியோனெல் இரண்டாவது வளையத்தை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கினான். நான் ஹெட்டைக் கழற்றினேன், திரும்ப வைத்துக் குறுக்கு நெடுக்காக இறுக்கினேன். கிண்ணம் என்று சொல்ல ஆளில்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தேன். முடித்த பிறகு லியோனெல் இழுத்துப் பார்த்தான். "பழைய காலுறையில நூல் உருவற மாதிரி வருது," என்றான். குரலில் சந்தோஷம் இல்லை. திருட்டுத்தனம் பண்ணின சிறுவர்கள்போல இருவரும் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொஸேரின் தடித்த கால்சட்டையை அவன் மடியில் போட்டேன். "பூசைக்கு மட்டும் போறோம்," என்றேன். அவன் என்னை முறைத்தான். பொய் என்று தெரியும். ஆனாலும் காலை நீட்டினான்.

லியோனெல் முன்னமே மஞ்சள் வண்டியைக் கொண்டுபோய் வரிசையின் தலையில் நிறுத்தியிருந்தான். ரப்பர் பட்டை பனியில் ஒட்டிக்கொள்ளாதபடி அடியில் இரண்டு தேவதாரு மரக்கிளை வைத்திருந்தான், ரொஸேர் வைக்கிற அதே முறையில். ஏரி மேல் ஊரே நின்றது. காற்று கன்னத்தை அறுத்தது. ரொஸேர் வண்டியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"இழுத்துப் பாரு," என்றேன் மெல்ல. "வரும்."

என் கையைத் தட்டிவிட்டு நடந்தான். கோலைப் பனியில் குத்தி நிறுத்தினான். இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூட்டம் ஹோ என்று கத்தியது. தொப்பிகள் பறந்தன. பின்னால் ஒவ்வொருவராகத் தங்கள் கயிற்றுக்குக் குனிந்தார்கள்.

ரொஸேர் மட்டும் அசையவில்லை. கையில் இருந்த கைப்பிடியையே பார்த்தான். தலையைச் சாய்த்து இன்ஜினின் சத்தத்தைக் கேட்டான். அந்தக் கயிறு எப்படிக் கடிக்கும் என்று அவன் கைக்குத் தெரியாதா? வலது கைக்குத் தெரிந்தது இடது கைக்கும் தெரியும்தானே. இதை எப்படி யோசிக்காமல் போனேன்? அவன் மெதுவாகத் திரும்பி லியோனெலை நோக்கி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு வளையமா என்று கேட்கிறான்.

லியோனெல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிண்ணம்," என்றான் ரொஸேர். சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. பின்னால் கிளம்பியிருந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அவனை எல்லார் முன்னாலும் நானே அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவன் காலில் விழலாம்போல இருந்தது.

அவன் வண்டியில் ஏறினான். முன்னால் இல்லை, பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். முன்சீட்டை இடது கையால் ஓங்கித் தட்டினான். பிறகு குனிந்து கயிற்றின் கைப்பிடியை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"போ, பைத்தியம்," என்றேன். "நான் ஓட்ட மாட்டேன். எனக்குத் தெரியாது."

"பேழை!" என்று அதட்டினான்.

பின் வரிசையிலிருந்து ஒருவன், "அடுத்தவங்க கயிறைத் தொடக்கூடாதே, கட்டுப்பாடு என்ன ஆச்சு?" என்றான். லியோனெல் திரும்பினான்.

"கயிறு அவனோடது. யாருக்குக் குடுக்கறான்கிறது அவன் இஷ்டம். ரெண்டாவது வண்டி என்னோடது, எனக்கு ஒண்ணும் இல்ல. வேற யாருக்காவது வயித்தெரிச்சலா?"

யாருக்கும் இல்லை. கைப்பிடியை வாங்கினேன். முதல் தடவை கம்பளிக் கையுறை வழுக்கியது. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் இழுத்தேன். பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, ஆக்சிலேட்டர் எது பிரேக் எது என்று ஒரு கணம் மறந்தே போயிற்று.

எத்தனை வருஷம் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இந்த ஏரியைக் கடந்திருக்கிறேன், ஏரி எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். வழி காட்டப் பனியில் நட்டிருந்த மரக்கன்றுகள் இருபக்கமும் வந்துகொண்டே இருந்தன. அவன் இடது கை என் இடுப்பைச் சுற்றியிருந்தது. நான் வளைந்து போனால் காதில் அப்பம் விழும். வேகம் கூடினால் கிண்ணம். நடு ஏரியில் சும்மாவே ஒரு பேழை வந்தது.

அக்கரையில் மேடு. பாதி ஏறியதும் இன்ஜின் தொண்டை கட்டியதுபோல இருமியது. இரண்டு பேர் பாரம், இரண்டு கேஸ்கட். வண்டி நின்று பின்னால் வழுக்கத் தொடங்கியது. பின்னால் ஊரே வரிசையில் நிற்கிறது. "நான் என்ன பண்ணுவேன்!" என்று கத்தினேன். இடுப்பிலிருந்து அந்தக் கை விலகியது.

திரும்பிப் பார்த்தேன். ரொஸேர் முழங்கால் ஆழப் பனியில் இறங்கி நின்றான். கோல் ஏரிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இடது தோளை வண்டியின் பின்புறம் கொடுத்துத் தள்ளினான். கோயிலில் ஒரு மெழுகுவத்தி மிச்சமில்லாமல் அத்தனையையும் கூப்பிட்டுத் தள்ளினான். கீழே இரண்டு பேர் ஓடி வரப் பார்த்தார்கள். லியோனெல் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான். வண்டி ஒரு சாண் நகர்ந்தது, இன்னொரு சாண், பிறகு பட்டை பிடித்துக்கொண்டது. மேலே ஏறிவிட்டேன். அவன் விழுந்து எழுந்து விழுந்து பின்னாலேயே வந்தான். தாடி எல்லாம் பனி.

கொட்டகையில் அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். அதில் பாதி சட்டையில் போனது. லியோனெலின் தட்டிலிருந்து ரொட்டியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். லியோனெல், "திருடன்," என்றான். அதோடு அவர்கள் கணக்கு தீர்ந்தது.

மறுநாள் காலையில் எழுந்தபோது படுக்கையில் அவன் பக்கம் காலி. ஜன்னலோர நாற்காலியும் காலி. ஷெட்டிலிருந்து இரும்புச் சத்தம் வந்தது. இரவு உடையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வண்டியின் மூக்கைத் திறந்து வைத்திருந்தான், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியிருந்தான், ஹெட்டின் முதல் நட்டோடு இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஒரு விரலைத் தூக்கினான். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"ஒண்ணு," என்றான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணு." கோபமாகச் சொன்னான், எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல.

நான் அவனுடைய முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவனுக்கு அழுகை பார்க்கப் பொறுமை கிடையாது. அப்பம், அப்பம் என்று விரட்டினான். எழுந்து நட்டுகளைக் கழற்றினேன், ஒரு வளையத்தை எடுத்தேன், ஒன்றை மட்டும் திரும்ப வைத்தேன். இறுக்கும்போது அவன் கிண்ணம் என்றதும் நிறுத்தினேன். எடுத்த வளையத்தைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினேன்.

அவன் எழுந்து நின்று கயிற்றைப் பிடித்தான். இழுத்தான். பாதி வந்து எகிறியது. மறுபடி இழுத்தான். மறுபடி எகிறியது. பக்கத்தில் நான் நின்றால் அவனுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. சமையலறைக்கு வந்து காப்பி போட்டேன். ஷெட்டிலிருந்து ஒரு இழுப்பு, ஒரு பேழை, ஒரு இழுப்பு, ஒரு கிண்ணம் என்று வந்துகொண்டிருந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை. இரண்டு கோப்பையில் காப்பியை ஊற்றி மேல் தட்டு போட்டு மூடினேன். கயிறு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது.